ஏழு அரைப்பென்னிக் காசுகள்: மைக்கேல் ஃபாரடேயின் சிக்கனமும் அறிவுத்தேட்டமும்

லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையொன்றில் தொழில் பழகிக்கொண்டிருந்த இருபது வயது இளைஞர் ஒருவர் 1812 ஜூலையில் தன் நண்பர் பெஞ்சமின் ஆபட்டுக்கு எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. வாழ்க்கையில் முதல் முறையாகத் துத்தநாகத் தகடு வாங்கியதை அதில் அவர் பெருமகிழ்ச்சியோடு தெரிவிக்கிறார். அந்தத் தகட்டிலிருந்து அரைப்பென்னிக் காசின் அளவில் ஏழு வட்டங்களை வெட்டியெடுத்து, அவற்றோடு ஏழு அரைப்பென்னிக் காசுகளைச் சேர்த்து, இடையிடையே உப்புநீரில் நனைத்த காகிதத் துண்டுகளை வைத்து அடுக்கியிருக்கிறார். இத்தாலியின் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா 1800இல் உலகுக்கு அறிவித்த மின்னடுக்கின் சிறிய வடிவம் அது. அந்த அடுக்கு தந்த மின்சாரத்தைக் கொண்டு மக்னீசியம் சல்பேட்டைப் பிரிக்கவும் தன்னால் முடிந்தது என்று அவர் எழுதுகிறார். அன்றைய பிரித்தானிய அரைப்பென்னி செம்பால் ஆனது. செப்புத் தகடு தனியாக வாங்க வசதியில்லாத ஒருவர், கையிலிருந்த காசைச் செலவழிக்காமலே அதைக் கருவியாக மாற்றிக்கொண்டார்.

அந்த இளைஞர்தான் மைக்கேல் ஃபாரடே. தமிழ்வழிப் பாடநூல்களில் மின்காந்தத் தூண்டல் விதியோடு ஒட்டிய பெயராக மட்டுமே பெரும்பாலும் அறிமுகமாகும் அவருடைய இளமைக்காலம், உழைக்கும் குடும்பத்தில் பிறந்தவர்கள் எப்படி மேலே வருகிறார்கள் என்ற கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விடையைச் சோதித்துப் பார்க்க உதவுகிறது. சிக்கனமாக இருந்து பணம் சேர்த்தால் முன்னேறலாம் என்பது அந்த விடை. ஃபாரடே சிக்கனமாக இருந்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் சேர்த்த பணம் அவரை உயர்த்தவில்லை. சேர்க்கும் அளவுக்கு அவரிடம் பணம் இருந்ததும் இல்லை. வாரத்துக்குச் சில பென்னிகளை வைத்துக்கொண்டு அவர் எதை வாங்கினார், எதை வாங்காமல் விட்டார் என்பதில்தான் அவருடைய உயர்வின் காரணம் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

அவர் 1791 செப்டம்பர் 22 அன்று, அப்போது லண்டனின் தென்புறத்தில் இருந்த நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ், வட இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடித் தலைநகருக்கு வந்த கொல்லர். நோயாளியாக இருந்ததால் பல நாள்கள் முழு வேலை செய்ய இயலாதவர். பிரான்சுடனான போரும் விளைச்சல் குறைவும் சேர்ந்து தானிய விலை கடுமையாக ஏறியிருந்த 1801இல் அந்தக் குடும்பம் பொது நிவாரணத்தை நாட வேண்டியிருந்தது. ஒன்பது வயது மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டி கொடுக்கப்பட்டதாகவும், அதையே அந்த வாரம் முழுவதும் வைத்துச் சாப்பிட வேண்டியிருந்ததாகவும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்கின்றன. இதைச் சிக்கனம் என்று சொல்வது தவறு. இது பசி. விரும்பிக் குறைத்துக்கொள்வதையும், இல்லாமையால் குறைந்துபோவதையும் ஒரே சொல்லால் குறிப்பிட்டு, ஏழைகளின் பட்டினியையே அவர்களுடைய நற்பண்பாகப் பாராட்டும் பழக்கம் நம்மிடமும் உண்டு. ஃபாரடேயின் கதையைச் சொல்லும்போது அந்தப் பிழைக்கு இடம் கொடுக்கக் கூடாது. பள்ளியில் அவர் கற்றது எழுத்து, வாசிப்பு, கொஞ்சம் கணக்கு ஆகியவற்றின் தொடக்கப் பாடங்கள்தாம்.

1804இல் ஜார்ஜ் ரீபோ என்பவருடைய புத்தகக் கடையில் அவர் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். ரீபோ நாளிதழ்களை வாடகைக்கு விட்டுவந்தார். ஒரு வீட்டில் படித்து முடித்ததும் அதை வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவனின் வேலை. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஏழாண்டுக் கால ஒப்பந்தத்தின்படி அதே கடையில் பைண்டிங் தொழில் பழகச் சேர்ந்தார். அந்நாளில் ஒரு பிள்ளையைத் தொழில் பழகச் சேர்க்க, பெற்றோர் முதலாளிக்கு ஒரு தொகை கட்டுவது வழக்கம். முந்தைய ஆண்டில் அவர் நேர்மையாக உழைத்ததைக் கருதி, அந்தத் தொகை எதுவும் வாங்கப்படவில்லை என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தொகை கேட்கப்பட்டிருந்தால் கொல்லர் ஜேம்ஸின் குடும்பம் அதை எங்கிருந்து கொடுத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், ரீபோவின் இந்த ஒரு சலுகை எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

தொழில் அமைந்த இடமும் அவருக்கு உதவியது. பைண்டிங்குக்கு வரும் புத்தகம் சில நாள்கள் கடையில் இருக்கும்; அதைப் படிப்பதற்குக் காசு வேண்டியதில்லை. பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தின் தொகுதி ஒன்று அப்படிக் கைக்கு வந்தபோதுதான் மின்சாரம் பற்றிய கட்டுரையை அவர் படித்தார். வேதியியலை உரையாடல் வடிவில் எளிமையாக விளக்கி ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய நூலும் அதே வழியில்தான் அவரிடம் வந்து சேர்ந்தது. கடையில் வேலை செய்த மற்றவர்களின் கைகளிலும் இதே போன்ற புத்தகங்கள் தவழ்ந்திருக்கும். ஃபாரடே வேறுபட்டது அடுத்த படியில். மார்செட் சொல்வது உண்மைதானா என்று தன்னால் இயன்ற சிறிய சோதனைகளால் பார்த்ததாகவும், அது உண்மை என்று தெரிந்தபோது வேதியியலில் ஒரு நங்கூரம் கிடைத்ததாக உணர்ந்ததாகவும் அவர் பிற்காலத்தில் எழுதினார். படித்ததை நம்பி விடாமல் செய்து பார்க்கும் இந்த வேட்கைக்குத்தான் காசு தேவைப்பட்டது. வாரத்துக்குச் சில பென்னிகள் செலவில் முடியும் சோதனைகளையே செய்ததாகவும், உராய்வால் மின்சாரம் உண்டாக்கும் மின் இயந்திரம் ஒன்றை முதலில் கண்ணாடிக் குப்பியாலும் பிறகு முறையான கண்ணாடி உருளையாலும் உருவாக்கியதாகவும் அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

குப்பியிலிருந்து உருளைக்குப் போன அந்த இடைவெளியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். உருளை வாங்கும் வசதி வரும்வரை அவர் சோதனையைத் தள்ளிப்போடவில்லை. குப்பியை வைத்தே தொடங்கினார், அதன் குறைகளைத் தெரிந்துகொண்டார், அதன் பிறகு எதற்காகக் காசு சேர்க்க வேண்டும் என்பது அவருக்குத் திட்டமாகத் தெரிந்திருந்தது. அறிவுத்தேட்டம் இல்லாத சிக்கனத்துக்கு இலக்கு கிடையாது; பெட்டியில் கிடக்கும் காசு அடுத்த நோய்ச்செலவிலோ அடுத்த வேலையிழப்பிலோ கரைந்துபோகும். சிக்கனம் இல்லாத அறிவுத்தேட்டமோ, அவருடைய வருவாய் நிலையில், துத்தநாகத் தகடு வாங்கும் இடத்துக்குக்கூட வந்திருக்காது.

எதை எப்படிக் கற்பது என்பதற்கு அவர் ஐசக் வாட்ஸ் என்ற சமய அறிஞரின் நூல் ஒன்றைப் பின்பற்றினார். குறிப்பேடு வைத்துக்கொள், பிறர் சொற்பொழிவுகளைக் கேள், ஒத்த ஆர்வமுடைய ஒருவரோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள், ஒரு சிலரோடு கூடி விவாதி என்பவை அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட அறிவுரைகள். இவற்றில் சொற்பொழிவைத் தவிர எதற்கும் பெரிய செலவில்லை என்பதைக் கவனிக்கலாம். மேலே சொன்ன கடிதமும் இந்தத் திட்டத்தின் பகுதியே. அலுவலக எழுத்தராக இருந்த ஆபட்டுக்கு ஃபாரடேயைவிட நல்ல பள்ளிக் கல்வி கிடைத்திருந்தது. அவருக்கு எழுதி எழுதித் தன் மொழியைத் திருத்திக்கொள்வதே ஃபாரடேயின் நோக்கம். எட்வர்ட் மக்ரத் என்ற மற்றொரு நண்பர் வாரத்தில் இரண்டு மணி நேரம் அவருடைய உச்சரிப்பையும் வாக்கிய அமைப்பையும் ஆண்டுக்கணக்கில் திருத்தி வந்தார். ரீபோவின் வீட்டில் குடியிருந்த மாஸ்கெரியே என்ற பிரெஞ்சு வழிவந்த ஓவியருடைய அறையைச் சுத்தம் செய்து, காலணிகளுக்கு மெருகிட்டுக் கொடுத்து, பதிலுக்கு அவரிடம் பொருள்களின் தோற்றத்தை அளவோடு வரையும் கலையைக் கற்றுக்கொண்டார். பணமில்லாத இடத்தில் உழைப்பையே கட்டணமாகக் கொடுத்த இந்த ஏற்பாட்டின் பயன், அவர் சொற்பொழிவுகளில் பார்த்த கருவிகளைத் தெளிவாக வரைந்து வைத்தபோது தெரிந்தது.

ஜான் டேட்டம் என்ற வெள்ளிவேலைக்காரர், டார்செட் தெருவில் தம் வீட்டிலேயே அறிவியல் சொற்பொழிவுகள் நடத்திவந்தார். நகரத் தத்துவக் கழகம் என்று பெயரிடப்பட்டிருந்த அந்தக் குழுவில் எழுத்தர்களும் தொழில் பழகுவோரும் கைவினைஞர்களும் கூடினர். ஒரு சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்னி. வாரத்துக்குச் சில பென்னிகளில் சோதனை செய்துகொண்டிருந்தவருக்கு இது பெரிய தொகை. 1810 பிப்ரவரி முதல் அடுத்த ஆண்டு செப்டம்பர் வரை ஏறத்தாழப் பன்னிரண்டு முறை அவர் அங்கே சென்றார். அந்த ஷில்லிங்கைக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் ராபர்ட்.

ராபர்ட்டைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதையைச் சொல்வது நியாயமாகாது. தந்தையின் கொல்லுத்தொழிலையே அவரும் கற்றவர். 1810இல் தந்தை இறந்தபோது, குடும்பத்தின் பெரும் பாரம் அவர் தோளில் விழுந்தது. தாய் மார்கரெட் வீட்டில் குடித்தனம் வைத்து வாடகை பெற்று வந்தார். அந்த நிலையிலும் தம்பியின் சொற்பொழிவுக்கு ஒரு ஷில்லிங் எடுத்துக் கொடுத்தார் என்றால், அங்கே இயங்கியது ராபர்ட்டின் சிக்கனம். உழைக்கும் குடும்பங்களிலிருந்து ஒருவர் உயரும்போது, வேறொருவர் பட்டறையிலேயே நின்றுவிடுவது பல இடங்களில் நடக்கிறது. உயர்ந்தவரின் வாழ்க்கை வரலாற்றில் நின்றவருக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. நம் ஊர்களிலும் தம்பியோ தங்கையோ படிப்பதற்காக வேலைக்குப் போன மூத்த பிள்ளைகள் இல்லாத தெரு அரிது. ஃபாரடேயும் இந்தக் கடனை உணர்ந்திருந்தார். பின்னர் வேலை கிடைத்ததும் தாய்க்குப் பணம் கொடுத்ததோடு, தங்கையின் பள்ளிச் செலவைத் தாங்குவதற்காக ஒரு நாள் விட்டு ஒரு நாள் மதிய உணவைத் தவிர்த்தார் என்று குடும்பத்தினரின் நினைவுகளில் பதிவாகியிருக்கிறது.

டேட்டத்தின் சொற்பொழிவுகளைக் கேட்டு எழுதிய குறிப்புகளை அவர் படங்களோடு நான்கு தொகுதிகளாகத் தம் கையாலேயே பைண்டிங் செய்து ரீபோவுக்குக் காணிக்கையாக்கினார். ரீபோ அவற்றைக் கடைக்கு வருவோரிடம் காட்டிப் பெருமைப்பட்டார். அதன் விளைவாக, லண்டனில் அறிவியல் ஆய்வும் சொற்பொழிவும் நடத்திவந்த ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற நிறுவனத்தின் உறுப்பினரான வில்லியம் டான்ஸ் என்ற இசைக் கலைஞர், அங்கே வேதியியலறிஞர் ஹம்ஃப்ரி டேவி 1812 வசந்தகாலத்தில் ஆற்றிய கடைசிச் சொற்பொழிவுகளில் நான்கைக் கேட்பதற்கு நுழைவுச்சீட்டுக் கொடுத்தார். உயர்குடியினர் கூடிய அந்த அரங்கின் மேல்மாடத்தில், கடிகாரத்துக்கு மேலே இருந்த இருக்கையில் அமர்ந்து ஃபாரடே குறிப்பெடுத்தார். முந்நூறுக்கும் மேற்பட்ட பக்கங்களில் அதை விரித்தெழுதிப் பைண்டிங் செய்து, ஆண்டின் இறுதியில் டேவிக்கே அனுப்பி வேலை கேட்டார். அதற்கு முன்பு அறிவியலறிஞர்களின் சங்கமான ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதியபோது, பதிலில்லை என்ற செய்தி மட்டுமே வாசல் காவலரிடமிருந்து கிடைத்திருந்தது. பேங்க்ஸுக்குப் போனது ஒரு விண்ணப்பம். டேவிக்குப் போனதோ, எழுதியவன் எப்படிக் கேட்கிறான், எப்படிப் புரிந்துகொள்கிறான், எவ்வளவு பொறுமையாக வேலை செய்கிறான் என்பதற்கான சான்று. கைத்தொழிலும் அறிவு வேட்கையும் அந்த ஒரு நூலில் ஒன்றாகியிருந்தன.

டேவியும் எளிய குடும்பத்தில் பிறந்தவர்; கார்ன்வால் பகுதியில் மரச்சிற்பத் தொழிலாளியின் மகன், மருந்துக்கடைக்காரரிடம் தொழில் பழகியவர். இருந்தும் அவர் ஃபாரடேயிடம், அறிவியல் பணத்தளவில் கைகொடுக்காத துறை, புத்தகத் தொழிலைக் கைவிட வேண்டாம் என்றே முதலில் அறிவுரை கூறினார். பழகுநர் காலம் முடிந்து ஃபாரடே வேலை பார்த்த கடையின் உரிமையாளர் டி லா ரோஷ், எனக்குப் பிள்ளை இல்லை, என்னோடு இருந்தால் என் உடைமை உனக்கே என்று சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு. வெறும் பொருளாதாரப் பாதுகாப்பே ஒருவர் உயர்வதன் நோக்கமாக இருந்தால், அந்தக் கடையே சரியான முடிவாக இருந்திருக்கும். ஆனால் 1813 பிப்ரவரியில் ராயல் இன்ஸ்டிட்யூஷனின் ஆய்வக உதவியாளர் ஒருவர் அடிதடிக்காக நீக்கப்பட்டபோது, ஃபாரடே அந்த இடத்துக்கு வந்தார். மார்ச் 1 முதல் வாரம் 25 ஷில்லிங் சம்பளம், மேல்மாடியில் இரண்டு அறைகள், கரியும் மெழுகுவத்தியும் இலவசம்.

அதே ஆண்டு அக்டோபரில் டேவி ஐரோப்பியப் பயணம் தொடங்கியபோது, ஃபாரடே அவருடைய அறிவியல் உதவியாளராகவும், வர மறுத்த பணியாளருக்குப் பதிலாக ஏவல்வேலை செய்பவராகவும் உடன் சென்றார். டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். அவமானம் தாங்காமல் திரும்பிவிடலாமா என்று அவர் நண்பருக்கு எழுதியதுண்டு. அதே பயணத்தில்தான் பாரிசில் அயோடின் பற்றிய ஆய்வையும், பிளாரன்சில் பெரிய வில்லையால் வைரம் எரிக்கப்பட்டதையும் அருகிலிருந்து பார்த்தார், மிலானில் வோல்ட்டாவைச் சந்தித்தார். பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்காதவருக்கு 1815 ஏப்ரல் வரை நீண்ட அந்தப் பயணமே பல்கலைக்கழகமாயிற்று. அதற்கான கட்டணத்தை அவர் தன்மானத்தில் செலுத்தினார்.

ஆய்வகத்தில் அவர் வேலை செய்த விதத்திலும் பழைய கடைப்பையனின் கை தெரிகிறது. 1831 ஆகஸ்ட் 29 அன்று மின்காந்தத் தூண்டலைக் கண்டறியப் பயன்பட்ட கருவி, ஆறு அங்குல விட்டமுள்ள ஓர் இரும்பு வளையம். அதன் இருபுறமும் செப்புக் கம்பியைச் சுற்ற வேண்டும். கம்பிகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. மேலுறையிட்ட கம்பி கடையில் கிடைக்காத அந்தக் காலத்தில், நூலையும் காலிகோ என்ற பருத்தித் துணியையும் இடையிடையே வைத்து அவர் கட்டினார். ஒரு பக்கத்துச் சுருளில் மின்னோட்டத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் மறுபக்கத்தில் கணநேரம் மின்சாரம் தோன்றியது. இன்றைய மின்மாற்றிகள் அனைத்தும் இதே வேலையைத்தான் செய்கின்றன. குறிப்பேட்டுப் பழக்கமும் அவரை விட்டுப் போகவில்லை. 1832 முதல் அவர் தொடர் எண்ணிட்டு எழுதிய ஆய்வுக் குறிப்புகளின் கடைசிப் பத்தி 16041 என்ற எண்ணைத் தாங்கி நிற்கிறது.

வசதி வந்த பிறகு அவருடைய சிக்கனம் என்ன ஆனது என்பதே இந்த வாழ்க்கையில் என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி. நிறுவனங்களுக்காகச் செய்த வேதியியல் பரிசோதனைகளால் 1830 வாக்கில் அவருடைய தொழில்முறை வருமானம் ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டு அளவுக்கு உயர்ந்திருந்தது. ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஆய்வக இயக்குநராக அவர் பெற்ற சம்பளம் நூறு பவுண்டுதான். தூண்டலைக் கண்டறிந்ததும், தன் நேரத்தை ஆய்வுக்கே கொடுப்பதற்காக வெளிவேலைகளைக் குறைக்கத் தொடங்கினார். அவருக்குப் பின் அந்த நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் டிண்டால் கணக்குப் புத்தகங்களைப் பார்த்து எழுதியபடி, 1832இல் அந்த வருமானம் 155 பவுண்டாகவும், 1837இல் 92 பவுண்டாகவும், மறு ஆண்டு ஒன்றுமில்லாமலும் ஆனது. கலங்கரை விளக்கங்களைப் பராமரித்த டிரினிட்டி ஹவுஸ் நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 200 பவுண்டுக்கு ஆலோசனை கூறியது போன்ற சில பணிகளை மட்டும் பின்னர் ஏற்றுக்கொண்டார். சாண்டமேனியர் என்ற சிறிய கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த அவர், பூமியில் செல்வம் சேர்த்துவைக்கக் கூடாது என்ற விவிலிய வாசகத்தை நேர்ப்பொருளிலேயே கைக்கொண்டவர். மிஞ்சியதை ஏழைகளுக்குக் கொடுத்தார்.

ஆகவே இளமையில் பொருள் வாங்கிக் கொடுத்த சிக்கனம், நடுவயதில் அவருக்கு நேரத்தை வாங்கிக் கொடுத்தது. ஆயிரம் பவுண்டு வாழ்க்கைக்குப் பழகியவரால் நூறு பவுண்டுக்குத் திரும்ப முடியாது. பழகாமல் இருந்ததால்தான் அவரால் மறுக்க முடிந்தது. சம்பளம் உயர உயரக் கடனும் தவணையும் சேர்ந்து உயர்ந்து, பிடித்த வேலையை நோக்கி ஒரு அடியும் எடுத்துவைக்க முடியாமல் நிற்கும் இன்றைய இளம் ஊழியர்கள் பலருக்கு இந்தச் செய்தி பழைய காலத்துச் செய்தியாக இருக்காது.

சிக்கனம், அறிவுத்தேட்டம் இரண்டும் இருந்தும் ஈடுகட்ட முடியாத இழப்பு ஒன்று இருந்தது. உயர்கணிதம் கற்க வேண்டிய வயதில் அவருக்கு ஆசிரியர் இல்லை. பிறகு அதைக் கற்கவும் முடியவில்லை. காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூள் அமையும் விதத்தைப் பார்த்து, வெளியெங்கும் விசைக்கோடுகள் பரவியிருப்பதாக அவர் மனத்தில் கண்ட காட்சியைக் கணிதம் அறிந்த பலர் பொருட்படுத்தவில்லை. ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் என்ற இளைஞர் அதைக் கணிதமாக்கித் தம் கட்டுரையை அனுப்பியபோது, இவ்வளவு கணித வலிமை தம் கருத்தின் மீது செலுத்தப்பட்டிருப்பதைக் கண்டு முதலில் அஞ்சியதாக 1857இல் ஃபாரடே எழுதினார். கணித வல்லுநர்கள் தங்கள் முடிவுகளைப் பொதுமொழியிலும் அதே முழுமையோடு சொல்ல முடியாதா, அப்படிச் சொன்னால் எங்களைப் போன்றவர்களும் சோதனையால் அவற்றைத் தொடரலாமே என்று அதே ஆண்டு இன்னொரு கடிதத்தில் கேட்டார். அறுபத்தாறு வயதில், உலகப் புகழின் உச்சியில் இருந்த ஒருவரின் கேள்வி அது.

தான் ஏறிவந்த வழியே எல்லாருக்கும் போதும் என்று அவர் நினைத்ததில்லை. சிறுவர் சிறுமியருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பல ஆண்டுகள் தாமே நடத்தினார். 1862இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற பள்ளிகளை ஆராய்ந்த அரசு ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தபோது, கடந்த ஐம்பது ஆண்டுகளில் இவ்வளவு பெருகியிருக்கும் இயற்கை அறிவை இளம் மனங்களுக்குக் கற்பிக்கப் போதிய முயற்சியே எடுக்கப்படாதது தம்மால் புரிந்துகொள்ளக் கடினமான விந்தை என்று கூறி, பள்ளிப் பாடத்தில் அறிவியலைச் சேர்க்குமாறு வாதாடினார்.